சபையில் பெயர் கொடுப்பது எப்படி? வேலைக்காகச் சென்னை வந்த கிறிஸ்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நாசரேத்திலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ வேலைக்காகச் சென்னைக்கு வந்து, வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். ஞாயிறு காலை எந்தச் சர்ச்சுக்குப் போவது என்பது சனி இரவு வாட்ஸ்அப்பில்தான் முடிவாகிறது. ஒரு வாரம் நண்பன் கூப்பிட்ட சபை, அடுத்த வாரம் பாட்டு நன்றாக இருக்கும் சபை, மழை பெய்தால் யூடியூப். யாராவது கேட்டால், "எங்க சபை ஊர்ல இருக்கு" என்று சொல்லிவிடலாம்.

இப்படியே பல வருடங்களை ஓட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். சேரக்கூடாது என்று யாரும் இருப்பதில்லை. எங்கே தொடங்குவது, யாரைப் பார்ப்பது, என்ன கேட்பார்கள், எவ்வளவு பணம் ஆகும் என்பது தெரியாமல்தான் தள்ளிப்போடுகிறார்கள். முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை சேர்ந்தே நடந்து பார்த்துவிடுவோம்.

போய்வந்தால் போதாதா?

போதாது என்பதுதான் என் கட்சி. ஆராதனைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கடைசி பெஞ்சில் உட்காரலாம், ஆசீர்வாதம் கூறும் முன்பே எழுந்தும் போகலாம். மூன்று மாதம் வராமல் இருந்தாலும் ஒருவரும் கேட்கப் போவதில்லை. கேட்கும் உரிமையை நாம் யாருக்கும் கொடுக்கவில்லையே! பெயர் கொடுப்பது என்பது அந்த உரிமையைக் கொடுப்பது. "என்ன தம்பி, ரெண்டு வாரமா ஆளைக் காணோம்?" என்று ஒருவர் நம்மைக் கேட்கலாம். நாமும் இன்னொருவரைக் கேட்கலாம். சபையின் கணக்கையும் கேட்கலாம்.

வேதாகமத்தில் அங்கத்தினர் படிவம் எங்கே இருக்கிறது என்று சிலர் மடக்குவார்கள். படிவம் இல்லை, ஆள் கணக்கும் பட்டியலும் கடிதமும் இருக்கின்றன. அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 3,000 பேர் சேர்க்கப்படுகிறார்கள். யாரோ எண்ணியிருக்கிறார்கள். 1 தீமோத்தேயு 5-இல் 60 வயதுக்குக் குறையாத விதவைகளைப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார் பவுல். யார் நம் சபையார் என்று தெரியாமல் உதவிப் பட்டியல் போட முடியாது. மத்தேயு 18-இல் சகோதரர்களுக்குள் மனத்தாங்கல் தீராவிட்டால் சபைக்குத் தெரிவிக்கச் சொல்கிறார் இயேசு. நான்கு சபைக்குப் போய்வருகிறவர் எந்தச் சபைக்குத் தெரிவிப்பார்?

எனக்கு மிகவும் பிடித்தது ரோமர் 16-ஆம் அதிகாரத்தின் தொடக்கம். கெங்கிரேயா ஊர்ச் சபையில் ஊழியம் செய்த பெபேயாளை ரோமாபுரிச் சபையாருக்குப் பவுல் அறிமுகப்படுத்துகிறார். அவரை ஏற்றுக்கொண்டு, வேண்டிய உதவியைச் செய்யும்படி கேட்கிறார். நம் ஊர்ச் சபை கொடுக்கும் மாறுதல் கடிதத்திலும் இதே விஷயம்தான் இருக்கும்.

பதிவேடு வைப்பது தமிழ்ச் சபைகளுக்கும் பழைய வழக்கம். திருநெல்வேலி திருச்சபையின் வரலாறு பேசுகிறவர்கள் 1780-ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைப் பதிவேட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். அதில் இருந்தவை 40 பெயர்கள். குளோரிந்தா அம்மையாரும் அவர்களில் ஒருவர். அவர் கட்டி 1785-இல் பிரதிஷ்டையான ஆலயம் இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது.

எந்தச் சபை?

முதலில் தூரத்தைப் பார்ப்போம். பிரசங்கம் பிரமாதம் என்று பெருங்குடியிலிருந்து பெரம்பூருக்குப் போனால் ஞாயிறு காலை மட்டும்தான் போவோம். புதன்கிழமை வேதபாடம், ஒரு வீட்டு ஜெபக்கூட்டம், ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒருவரைப் பார்த்துவருவது எதுவும் நடக்காது. வண்டியில் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் சபைகளை மட்டும் எழுதிக்கொள்வோம். இரண்டு, மூன்று போதும்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் தொடர்ந்து நான்கு ஞாயிறுகளாவது போய்ப் பார்ப்போம். ஒரே ஒரு ஞாயிறு போய்விட்டு முடிவெடுக்க வேண்டாம். அன்று விருந்துப் பேச்சாளர் வந்திருக்கலாம், அல்லது போதகருக்குத் தொண்டை கட்டியிருக்கலாம். பார்க்க வேண்டியவை இவை: பிரசங்கம் வேதாகமத்தை விளக்குகிறதா, போதகரின் சொந்தக் கதையாகவே போகிறதா? அறிவிப்புப் பலகையில் வரவு செலவு ஒட்டியிருக்கிறதா? வீட்டு வேலை செய்யும் அம்மாவும் கம்பெனி மேனேஜரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்களா? ஆராதனை முடிந்ததும் புதியவரிடம் யாராவது வந்து பேசுகிறார்களா?

பாடகர் குழு எப்படி என்பதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு மதிப்பெண் போட்டுச் சபை தேடுகிறவர்கள் அடுத்த வருடமும் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

சி.எஸ்.ஐ. பின்னணியில் வந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாசரேத்து ஆங்கிலிக்கன் வழி, மார்த்தாண்டம் லண்டன் மிஷன் வழி, மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன் வழி. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கியச் சபையார் ஒன்றாகி சி.எஸ்.ஐ. ஆனார்கள். ஆகவே சென்னையின் எந்த சி.எஸ்.ஐ. சபையிலும் ஊர்ச் சபையின் கடிதத்தோடு சேரலாம். மறுபடி ஞானஸ்நானம், மறுபடி திடப்படுத்தல் என்ற பேச்சே எழாது.

கையில் என்னென்ன வேண்டும்?

ஊருக்குப் போகும்போது இவற்றை வாங்கி வந்துவிடுவோம்:

- ஞானஸ்நானச் சான்றிதழ்
- திடப்படுத்தல் சான்றிதழ் (எடுத்திருந்தால்)
- ஊர்ச் சபையிலிருந்து மாறுதல் கடிதம்
- மணமானவர் என்றால் திருமணச் சான்றிதழ்
- முகவரிக்கு ஆதார் நகல், குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் அளவு போட்டோ

இவற்றில் தாமதமாவது மாறுதல் கடிதம்தான். சந்தா பாக்கி இருந்தால் அதைக் கட்டச் சொல்வார்கள். தென்மாவட்டங்களில் சங்கக் காணிக்கை என்பார்கள், சென்னையில் சந்தா என்பார்கள். அப்பா பெயரில் குடும்பமாகக் கட்டி வந்திருந்தால் முதலில் அந்த அட்டையைத் தேடி எடுப்போம். "கிறிஸ்மஸ் லீவுல வாங்கிக்கலாம்" என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் கடைசி வாரத்தில் போதகர் ஐயருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சாதாரண மாதத்தில், வாரநாளில் போனால் ஒரே நடையில் வேலை முடியும். சான்றிதழ் தொலைந்திருந்தாலும் கவலையில்லை. ஞானஸ்நானம் எடுத்த வருடமும் பெற்றோர் பெயரும் தெரிந்தால் பதிவேட்டைப் பார்த்து நகல் எழுதிக் கொடுப்பார்கள்.

போதகரைப் பார்ப்பது

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் நேரத்தில் இதைத் தொடங்கக் கூடாது. நமக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். "ஐயா, நான் ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கேன். சபையில சேரணும். வாரத்துல எப்ப வந்து பார்க்கலாம்?" என்று மட்டும் கேட்டு, நேரம் வாங்கிக்கொள்வோம்.

அந்தச் சந்திப்பில் அவர் நம்மைக் கேட்பார்: எந்த ஊர், எந்தச் சேகரம், எப்போது திடப்படுத்தல், எங்கே வேலை, வீட்டில் யார் யார். நாமும் கேட்கலாம். பலருக்குக் கூச்சம், கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று. நல்ல போதகர் கேள்விகளை விரும்புவார். சபையின் கணக்கைத் தணிக்கை செய்வது யார்? ஒருவர் மனந்தளர்ந்து வராமல் போனால் சபை என்ன செய்கிறது? அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு ஏதாவது கூட்டம் உண்டா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் பதிலிலேயே சபையின் போக்கு ஓரளவு தெரிந்துவிடும்.

படிவம் முதல் பதிவேடு வரை

சபை அலுவலகத்தில் ஒரு படிவம் தருவார்கள். நிரப்பி, சான்றிதழ் நகல்களை இணைத்துக் கொடுத்தால் அது சேகரக் கமிட்டிக்குப் போகும். கமிட்டி பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும். ஒப்புதல் கிடைத்ததும் பதிவேட்டில் பெயர் ஏறும், சந்தா அட்டை கையில் வரும். சில சபைகளில் ஆராதனையில் முன்னே அழைத்து, பெயரைச் சொல்லி வரவேற்பார்கள். சில இடங்களில் ஒன்றுமே நடக்காது, அட்டை மட்டும் வரும். அதற்காக மனம் கோண வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் ஓரிரு மாதத்தில் முடிகிற வேலை இது. ஓட்டுரிமை தனி விஷயம். கமிட்டித் தேர்தலில் ஓட்டுப்போட வயது, திருவிருந்தில் பங்கெடுப்பது, சந்தா பாக்கியில்லாமல் இருப்பது என்று நிபந்தனைகள் உண்டு. அவை திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். சேரும்போதே கேட்டுவைத்துக்கொள்வோம்.

திடப்படுத்தல் எடுக்காதவர்கள் பயப்பட வேண்டாம். கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், ஞானஸ்நானமும் திருவிருந்தும் என்றால் என்ன என்று சில மாதங்கள் வகுப்பு நடக்கும். பேராயர் வரும் நாளில் தலையில் கைவைத்து ஜெபிப்பார். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே முப்பது வயதில் உட்காரச் சங்கடமாக இருக்கும் என்றால், பெரியவர்களுக்குத் தனியாக வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பெந்தெகொஸ்தே சபை என்றால்

இங்கே காகிதம் குறைவு. அதற்குப் பதில் ஒரு பெரிய கேள்வி வரும்: முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருக்கிறீர்களா? குழந்தையாக இருந்தபோது கொடுத்த ஞானஸ்நானத்தை இந்தச் சபைகள் பொதுவாக ஏற்பதில்லை. முழுக்கு எடுத்தால் ஊரில் அம்மா வருத்தப்படுவார், எடுக்காவிட்டால் இங்கே அங்கத்தினராக முடியாது. இந்த இழுபறியில் பல வீடுகளில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது. ஒரு கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு அன்றைக்கே தொட்டியில் இறங்காமல், வேதாகமத்தைப் படித்து, ஊர் ஐயரிடமும் ஒரு வார்த்தை பேசி, வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு முடிவெடுப்போம். எந்த முடிவு எடுத்தாலும் அது நம் முடிவாக இருக்கட்டும்.

கத்தோலிக்கர் என்றால்

வேலை சுலபம். குடியிருக்கும் தெரு எந்தப் பங்கில் வருகிறது என்று கேட்டு, பங்குத்தந்தையைப் பார்த்துக் குடும்ப அட்டைக்கு எழுதிக் கொடுத்தால் போதும். அட்டையோடு நின்றுவிடாமல் நம் தெருவின் அன்பியக் கூட்டத்துக்குப் போவோம்; அக்கம்பக்கத்தவரோடு உண்மையான பழக்கம் அங்கேதான் தொடங்கும். அடிக்கடி அறை மாறுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பங்கு அலுவலகத்தில் முகவரியை மாற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

சேருவதற்குக் கட்டணம் இல்லை. "மெம்பர்ஷிப் பீஸ்" என்று பெரிய தொகை கேட்கும் இடத்திலிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடலாம்.

சேர்ந்த பிறகு பணம் நான்கு வழியில் போகும். முதலாவது மாதச் சந்தா. இதற்குச் சபை ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கும், பெரிய பாரமாக இருக்காது. கணக்குக்காக மாதம் 200 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 2,400. மாதாமாதம் கட்டி அட்டையில் கையெழுத்து வாங்குவது நல்லது. மூன்று வருடம் விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டிய வாரத்தில் பாக்கி முழுவதையும் தேடிக் கட்டுகிற காட்சி எல்லாச் சபையிலும் உண்டு.

இரண்டாவது ஞாயிறு காணிக்கை, மூன்றாவது தசமபாகம். முப்பதாயிரம் சம்பளத்தில் தசமபாகம் மூவாயிரம். சென்னை வாடகை கொடுத்து, ஊருக்கு அனுப்பி, கல்விக்கடன் கட்டுகிறவருக்கு இது சின்னத் தொகை அல்ல. முடிந்த அளவில் தொடங்கி, மனமுவந்து கூட்டிக்கொண்டே போகலாம். தசமபாகம் கொடுத்தால்தான் அங்கத்தினர், சம்பளச் சீட்டைக் காட்டு என்று கேட்பது அத்துமீறல்.

நான்காவது, சிறப்புக் காணிக்கைகள். பிறந்தநாள், திருமண நாள் ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி, மிஷனரிக் காணிக்கை, அப்புறம் அறுப்பின் பண்டிகை. அந்தப் பண்டிகையின் ஏலத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் வீட்டுத் தோட்டத்துப் பப்பாளியைக் கொண்டுவந்து வைப்பார். ஏலம் விடுகிற அண்ணன் மைக்கைப் பிடித்து, "நம்ம பொருளாளர் ஐந்நூறுன்னு தலையாட்டிட்டாரு" என்று பாவம் தலை சொறிந்தவரை மாட்டிவிடுவார். இன்னொருவர் அறுநூறு என்பார். எடுத்தவர் பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடி ஏலத்துக்கே கொடுப்பார். ஒரே பப்பாளி மூன்று தடவை விற்கும். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். அந்த உற்சாகத்தில் கையைத் தூக்கி மாதச் சம்பளத்தில் ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டாம். எவ்வளவு என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவோம்.

எதற்குக் கொடுத்தாலும் ரசீது வாங்குவோம். போதகரின் சொந்த ஜி-பே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், சபையின் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்போம்.

பணத்தைவிட அதிகம் செலவாவது நேரம். வாரத்தில் ஞாயிறு காலையோடு இன்னொரு மாலையும் போகும் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்வோம்.

பெயர் ஏறிய பிறகு

முதல் ஆறு மாதம் கமிட்டிப் பக்கம் தலைவைக்க வேண்டாம். கண்ணில் படாத ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: ஓய்வுநாள் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவுவது, நாற்காலி போடுவது, நடக்க முடியாத பாட்டியை ஆராதனைக்கு வண்டியில் கூட்டிவருவது. விருந்தாளிக்குத் தட்டு கழுவும் வேலை இல்லை, வீட்டுப்பிள்ளைக்கு உண்டு.

சபை எதற்கு என்பது விளங்க ஒரு துக்க வீட்டுக்குப் போனால் போதும். இரவு பதினோரு மணிக்கு ஒருவர் இறந்துவிட்டார் என்று செயலருக்குப் போன் வரும். பன்னிரண்டுக்குள் நாலு பேர் அந்த வீட்டில் நிற்பார்கள். ஒருவர் ஐஸ் பெட்டிக்குப் பேசுவார், ஒருவர் சவப்பெட்டிக்கு அளவு சொல்வார், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் காபி போடுவார். விடிந்ததும் கல்லறை நிர்வாகத்துக்குப் போதகரின் கடிதத்தோடு ஒருவர் கிளம்புவார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் இடநெருக்கடி எவ்வளவு என்பது அங்கே போய் நின்றவர்களுக்குத் தெரியும். உறவினர்கள் பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, இந்த நாலு பேர் இல்லாவிட்டால் அந்த இரவு எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். யூடியூபில் பிரசங்கம் கேட்கலாம். காபி போட்டுத் தர யாரும் வரமாட்டார்கள்.

கல்யாணத்துக்கும் இதே கதைதான். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடக்கும் திருமணத்துக்கு முன்னால் வழக்கமாக மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சபை, பெண் வீட்டுச் சபை இரண்டும் கடிதம் தர வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவருக்கு யார் கடிதம் தருவார்?

எச்சரிக்கை

இரண்டு சபைகளில் ஒரே நேரத்தில் அங்கத்தினராக இருக்க வேண்டாம். எங்கும் சரியாக இருக்க முடியாது.

"எங்க சபையை விட்டுப் போனால் சாபம்" என்று பேசுகிற இடத்தில் பெயரே கொடுக்காதீர்கள். யாரைக் கல்யாணம் செய்வது, எந்த வேலைக்குப் போவது என்றெல்லாம் போதகர் தீர்மானிக்கும் சபையும் அப்படித்தான். எபிரெயர் 13 நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்வதோடு, அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறது. கணக்கு கேட்டால் கோபிக்கிறவரிடம் ஜாக்கிரதை.

சாதி நம் சபைகளுக்குள் இல்லை என்று பொய் சொல்லி உங்களை அழைக்க விரும்பவில்லை. சில ஊர்களில் கல்லறை வரைக்கும் அது பிரிந்து கிடக்கிறது. கமிட்டித் தேர்தலிலும் எட்டிப் பார்க்கும். ஊர்ப்பெயரையும் குடும்பப்பெயரையும் தோண்டித் தோண்டிக் கேட்கும் விதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். நாம் சேருகிற சபையில் அதைக் கண்டால் வாய்திறக்க அங்கத்தினருக்குத்தான் உரிமை உண்டு, பார்வையாளருக்கு இல்லை.

பட்டியல் சாதிப் பின்னணியில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. கிறிஸ்தவர் ஆனவர்களைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் தர 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. கிறிஸ்தவர் ஆனவர்களை இப்படி விலக்குவது நியாயமா என்ற வழக்காடல் நெடுங்காலமாக நடக்கிறது. சபையார் இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "யாருக்கும் தெரியாம பார்த்துக்கலாம்" என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வேறு ஊருக்கு மாறினால்

இரண்டு வருடத்தில் பெங்களூருக்கு மாற்றலாகலாம், அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று தோன்றும். பெபேயாளும் ஊர் மாறியவர்தான். மாற்றல் உறுதியானதும் போதகரிடம் நேரில் சொல்வோம், சந்தா பாக்கியை முடிப்போம், கையிலிருக்கும் பொறுப்பை இன்னொருவருக்குப் பழக்கிவிடுவோம், மாறுதல் கடிதத்துக்கு எழுதிக் கொடுப்போம். சண்டை போட்டுக்கொண்டு விலகினாலும் கடிதம் வாங்கிக்கொண்டே விலகுவோம். வாங்காமல் போனவர்களின் பெயர்கள் பழைய பதிவேட்டிலேயே வருடக்கணக்கில் கிடக்கின்றன. புது ஊரில் நாம் போகும் சபை இன்னும் முடிவாகவில்லை என்றால், கடிதத்தில் சபையின் பெயரை எழுதாமல் பொதுவாக "சம்பந்தப்பட்ட போதகருக்கு" என்று எழுதித் தரச் சொல்லலாம். சீல் இருக்கிறதா, தேதி சரியா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன்பே பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்வோம்.